நூற்றுக்கும் நூற்றிருபதுக்கும் இடையே ஒரு பாட்டு

1977ஆம் ஆண்டு. பாரிஸுக்கு வெளியே எரூவில் என்ற ஊரில் ஒரு பழைய மாளிகை ஒலிப்பதிவுக் கூடமாக இயங்கிவந்தது. பீ ஜீஸ் குழுவினர் அங்கே ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ படத்துக்கான பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். நடுவில் டிரம்ஸ் வாசிப்பவர் குடும்பத் துயரம் ஒன்றினால் ஊருக்குக் கிளம்பிவிட்டார். வேலையை நிறுத்த மனமில்லாத மற்றவர்கள், அவர் ‘நைட் ஃபீவர்’ பாட்டுக்கு ஏற்கெனவே வாசித்திருந்ததில் ஒரு சின்னத் துண்டை வெட்டியெடுத்தார்கள். அந்த நாடாவின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கிச் சுற்றவிட்டார்கள். அதன்மேல் எழுந்ததுதான் ‘ஸ்டேயின் அலைவ்’. டிரம்ஸ் வாசித்தவர் பெயர் போடும் இடத்தில் ‘பெர்னார்ட் லூப்’ என்று இல்லாத ஓர் ஆளை எழுதிவைத்துக் குறும்பும் செய்தார்கள்.

ஒரே துண்டு திரும்பத் திரும்பச் சுற்றியதால் அந்தப் பாட்டின் தாளம் முந்தவுமில்லை, பிந்தவுமில்லை. நிமிடத்துக்கு ஏறத்தாழ 103 தட்டு. நின்றுபோன இதயத்தை இயக்க நெஞ்சை அழுத்துகிறவருக்கு வேண்டிய வேகமும் ஏறக்குறைய அதுவே என்பது, நடனப் பாட்டு போட்டவர்கள் கனவிலும் நினைத்திராத ஒற்றுமை.

நெஞ்சை அழுத்தும் இந்த முதலுதவியான சிபிஆரில் இன்று சொல்லப்படும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. 1960இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவரும் இந்த முறையை முதன்முதலில் விவரித்தபோது சொன்ன வேகம் சுமார் 60தான். (மூவரில் மூத்தவரான கௌவன்ஹோவன் மருத்துவரல்ல, மின்பொறியாளர். மின்அதிர்ச்சிக் கருவியின் தகடுகளை நாயின் நெஞ்சில் வைத்து அழுத்தும்போதே இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறுவதை நிக்கர்பாக்கர் கவனித்தது இதற்கெல்லாம் தொடக்கம்.) பிறகு அந்த எண் 80, 100 என்று படிப்படியாக ஏறியது. மேல்வரம்பாக 120ஐ அமெரிக்க இதயச் சங்கம் வகுத்தது 2015இல்தான்.

மேல்வரம்பு எதற்கு, வேகமாக அழுத்தினால் நல்லதுதானே என்று தோன்றும். அடிகுழாயில் தண்ணீர் அடித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். முதல் சில அடிகளுக்குக் காற்றுதான் வரும். விடாமல் அடித்தால்தான் தண்ணீர் ஏறும். கைப்பிடியை முழுதாக மேலே விடாமல் அவசரமாகக் குத்தினால் வாளி நிறையாது. நெஞ்சிலும் அப்படித்தான். அழுத்தும்போது இரத்தம் வெளியே தள்ளப்படுகிறது. கையைத் தளர்த்தி நெஞ்செலும்பு மேலே எழும்போதுதான் இதயத்துக்குள் மறுபடி இரத்தம் நிறைகிறது. இதயத்தின் சொந்தத் தசைக்குப் போகும் இரத்தம் பெரும்பாலும் இந்தத் தளர்த்தும் நொடியில்தான் பாய்கிறது. வேகம் 120ஐத் தாண்டினால் இதயம் நிறைய நேரமிருக்காது, அழுத்தும் ஆழமும் குறைந்துவிடும். நடுவில் நிறுத்தினாலோ, பத்துப் பன்னிரண்டு அழுத்தங்களில் சேர்த்த இரத்த அழுத்தம் சில நொடியில் வடிந்துபோகும். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இயல்பான இரத்த ஓட்டத்தில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் கிடைக்கும். அதில் வீணடிக்க எதுவுமில்லை.

ஆனால் கீழே கிடப்பவர் நமக்கு வேண்டியவர் என்றால், அந்த நேரத்தில் கடிகாரம் பார்த்து வேகம் பிடிக்க யாரால் முடியும்? இங்கேதான் பாட்டு உதவிக்கு வருகிறது. 2008இல் இல்லினாய் மாநிலம் பியோரியா நகர மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்களும் மாணவர்களுமாக 15 பேர் ‘ஸ்டேயின் அலைவ்’ கேட்டுக்கொண்டே பொம்மையின் நெஞ்சை அழுத்தினார்கள். சராசரி 109. ஐந்து வாரம் கழித்துப் பாட்டில்லாமல், அதை மனசுக்குள் ஓட்டிக்கொண்டு அழுத்தியபோது 113. பதினைந்தே பேர், அதுவும் பொம்மை. பெரிதாகக் கொண்டாட இடமில்லை. ஆனாலும் பாட்டு காதில் விழவே வேண்டாம், நினைவில் இருந்தால் போதும் என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இந்த வியப்புக்குப் பின்னால் இன்னொரு பழைய ஆய்வு இருக்கிறது. டேனியல் லெவிட்டின், பெர்ரி குக் என்ற இருவர், இசைப் பயிற்சி இல்லாதவர்களையும் சேர்த்து, அவரவருக்குப் பிடித்த பாட்டை நினைவிலிருந்து பாடச் சொன்னார்கள். முடிவுகள் 1996இல் வெளிவந்தன. பாடியவற்றில் 72 சதவீதம், அசல் இசைத்தட்டின் வேகத்திலிருந்து 8 சதவீதத்துக்கு மேல் விலகவில்லை. காலப்பிரமாணம் வித்வான்களுக்கு மட்டுமே வாய்த்தது என்று நினைத்திருப்போம். அது எல்லார் தலைக்குள்ளும் குடியிருக்கிறது. தாளத்தைச் சும்மா கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே மூளையில் அசைவை நடத்தும் பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. பாட்டு ஓடும்போது கால் தானாகத் தட்டுவதில் ஆச்சரியமில்லை.

அந்த 8 சதவீதத்தை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 103இல் ஓடும் பாட்டை நினைவிலிருந்து எடுத்தால் கை 95க்கும் 111க்கும் இடையே எங்கேயாவது விழலாம். கீழ்ப்பக்கம் கொஞ்சம் ஆபத்து. 110இல் ஓடும் பாட்டு என்றால் 101 முதல் 119 வரை. அந்த 8 சதவீதத்துக்குள் எப்படித் தவறினாலும் வரம்புக்குள்தான் தவறுவோம். 110இல் ஓடும் புகழ்பெற்ற பாட்டு எது தெரியுமா? குயின் குழுவினர் 1980இல் வெளியிட்ட ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’. ‘இன்னொருத்தன் செத்து விழுந்தான்’ என்று பொருள். மனசுக்குள் பாடலாம், உறவினர்கள் சுற்றி நிற்கும்போது வாய்விட்டுப் பாட முடியாது. 2012இல் பிரிட்டிஷ் இதய அறக்கட்டளை, கால்பந்து வீரராக இருந்து நடிகரான வின்னி ஜோன்ஸை வைத்து எடுத்த சிபிஆர் விளம்பரத்துக்கு ‘ஸ்டேயின் அலைவ்’ பாட்டையே தேர்ந்ததில் பொருளிருக்கிறது.

பாட்டுக்கு எதிராகவும் ஒரு சாட்சி உண்டு. பிரிட்டனில் குழந்தைகளுக்கான ‘நெல்லி தி எலிஃபன்ட்’ பாட்டைப் பல ஆண்டுகளாகச் சிபிஆர் பயிற்சியில் பயன்படுத்திவந்தார்கள். அதைச் சோதித்த ஆய்வு 2009இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் கிறிஸ்துமஸ் இதழில் வந்தது. பாட்டில்லாமல் சரியான வேகத்தில் அழுத்தியவர்கள் 12 சதவீதம். நெல்லியோடு 32 சதவீதம். கிறிஸ்துமஸ் இதழ் என்றாலும் முடிவு விளையாட்டல்ல. நெல்லியைக் கேட்டவர்களின் அழுத்தங்களில் போதிய ஆழமில்லாதவை அதிகமாகிவிட்டன. பயிற்சியில் இந்தப் பாட்டு வேண்டாம் என்றே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள்.

இதில் பாட்டின் குற்றம் ஒன்றுமில்லை. எப்போது அழுத்துவது என்பதைத்தான் அது சொல்லும். எவ்வளவு அழுத்துவது என்பதை ஒரு பாட்டாலும் சொல்ல முடியாது. பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். அது முழங்கை மடியாமல், உடம்பின் பாரத்தை நெஞ்சின் நடுவில் இறக்கினால்தான் வரும். பொம்மையின் மேல் ஒருமுறையாவது அழுத்திப் பார்த்தவருக்கே அதன் கனம் தெரியும்.

உங்களுக்குப் பிடித்த தமிழ்ப் பாட்டும் ஆகுமா என்றால், தாராளமாக ஆகும். 15 நொடி கைதட்டிப் பாருங்கள். 25க்கும் 30க்கும் இடையே தட்டு விழுந்தால் சரி. மெல்லிய பாட்டில் பாதி வேகத்தில் தட்டிக்கொண்டிருக்கிறோமா என்று மட்டும் கவனிக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவர் தொடர்ந்து அழுத்தினால் கை சீக்கிரம் தளர்ந்துவிடும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். 108 ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அடுத்து அழுத்த வருகிறவர் தலைக்குள் எந்தப் பாட்டு ஓடுகிறதோ, யாருக்குத் தெரியும்? அதனால் மனசுக்குள் பாட்டு ஓடட்டும். வாய் ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணிக்கொண்டே இருக்கட்டும். பக்கத்தில் முட்டி போட்டுக் காத்திருப்பவர் அந்த எண்ணிக்கையைக் கேட்டுத்தான் தன் முதல் அழுத்தத்தைத் தொடங்குவார்.