மறைந்த கோஷ்டிகளும் மறவாத தெருக்களும்

அல்சூரை அடுத்துக் கௌதமபுரம் என்றொரு பகுதி உண்டு. தமிழ்க் குடும்பங்கள் மிகுதியாக வாழும் அவ்விடத்தில் புத்தர், அம்பேத்கர் ஆகியோரின் சிலைகளோடு பிரேஸில் நாட்டுக் கால்பந்து வீரர் பெலேயின் சிலையும் நிற்கிறது. இந்நகருக்குப் புதிதாக வந்த அன்பர்கள் அதைக் கண்டு வியப்பதுண்டு. பெங்களூர் ஒரு காலத்தில் எத்தகைய கால்பந்து நகராக விளங்கிற்று என்பதை அறிந்தால் அவ்வியப்பு நீங்கிவிடும்.

1891இல் பம்பாயில் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பைப் பந்தயத்தில் நெடுங்காலம் ஆங்கிலேயப் பட்டாளத்துக் கோஷ்டிகளே வென்று வந்தன. 1937இல் அவ்வழக்கத்தை முறித்து, அக்கோப்பையை வென்ற முதல் இந்தியக் கோஷ்டி என்னும் புகழைப் பெற்றது நம் பெங்களூர் முஸ்லிம்ஸ் கோஷ்டியேயாகும். இறுதி ஆட்டத்தில் அது தோற்கடித்ததோ, அந்நாளில் கல்கத்தா லீக்கை ஆண்டுதோறும் கைப்பற்றிவந்த மொகமதன் ஸ்போர்ட்டிங்கை! 1938இலும் 1948இலும் அக்கோப்பை மீண்டும் இந்நகருக்கே வந்தது.

அதே 1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியா பிரான்ஸை எதிர்த்து ஆடிற்று. நம்மவரிற் பலர் வெறுங்காலுடன் ஆடிய அவ்வாட்டத்தில் 1–2 என்ற கணக்கில் தோற்றோம். இந்தியாவின் அந்த ஒரே கோலை அடித்தவர் பெங்களூர் சாரங்கபாணி ராமன். பெயரைக் கேட்கும்போதே நம் வீட்டுப் பிள்ளை என்று தோன்றுகிறதல்லவா?

பின்னர் தொழிற்சாலைகளின் காலம் வந்தது. விமானம் கட்டும் எச்.ஏ.எல்., தொலைபேசி செய்யும் ஐ.டி.ஐ. முதலிய அரசுத் தொழிற்சாலைகள் தத்தம் கோஷ்டிகளை வளர்த்தன. தெருவில் பந்து உதைத்த பையனின் திறமையைக் கண்டு, அவனுக்கு வேலையும் தந்து ஆடவைத்தன. கால் தளர்ந்து ஆட்டத்தை விட்ட பின்னும் அவனுக்குச் சம்பளம் நிற்கவில்லை. ஏழைக் குடும்பங்கள் பல இவ்வாறே ஒரு பந்தைப் பற்றிக்கொண்டு கரையேறின.

அந்த ஏணி இன்று எங்கே? ரோவர்ஸ் கோப்பை 2000–01க்குப் பின் நின்றுபோயிற்று. ஐ.டி.ஐ. ஆடிய தேசியக் கால்பந்து லீக் 2007இல் முடிவுற்று, ஐ-லீக் அதன் இடத்தைப் பெற்றது. எச்.ஏ.எல். 2010இல் அதில் நுழைந்து, 2012இல் கீழிறக்கப்பட்டது. மீண்டும் அம்மேடையை ஏறவில்லை. கோஷ்டி என்பது தனியொரு கம்பெனியாகப் பதிவுபெற வேண்டும் என்பன போன்ற உரிம விதிகள் வந்தபின், அவற்றை நிறைவேற்றாத ஏர் இந்தியாவும் ஓ.என்.ஜி.சி.யும் 2013இல் லீக்கிலிருந்து விலக்கப்பட்டன. அதே ஆண்டில் தனியார் முதலீட்டில் தோன்றிய பெங்களூரு எஃப்.சி., முதல் பருவத்திலேயே வாகை சூடிற்று. அதைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் இத்தகைய கோஷ்டிகளில் ஆட்டக்காரனுக்குக் கிடைப்பது சில ஆண்டு ஒப்பந்தமே. ஓய்வுபெறும் வயதுவரை நீடிக்கும் வேலை அன்று.

ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் நாம், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பெற்றோரை நன்கறிவோம். அவ்வாசல் ரயில்வேயில் இன்றும் திறந்திருக்கிறது. பிற இடங்களில் சுருங்கிவருகிறது. ஆகவே, "பந்து விளையாடினால் சோறு போடுமா?" என்று பிள்ளையைக் கடியும் பெற்றோரை நாம் குற்றம் சொல்ல மாட்டோம். சோறு போட்ட காலம் ஒன்று இருந்தது என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

மைசூர் மாநிலமாக 1968–69இல் சந்தோஷ் கோப்பையை வென்ற கர்நாடகம், அதை மறுபடியும் வெல்ல 54 ஆண்டுகள் காத்திருந்து, 2023இல் ரியாத் நகரில் மேகாலயாவை 3–2 என்று வென்றது. திறமை வற்றிவிடவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஒருமுறை கேளுங்கள்: "தாத்தா, நீங்கள் எந்தக் கோஷ்டிக்கு ஆடினீர்கள்?" பரணில் ஒரு பழைய புகைப்படம் இருக்கக்கூடும். அதிலுள்ள பெயர்களை அவர் சொல்லச் சொல்ல எழுதிவையுங்கள். கோஷ்டி போயிற்று, கோப்பையும் போயிற்று, பெயர்களாவது எஞ்சட்டும்.