அட்டவணைக்குள் ஓர் உலகம் – 9: எண் தீர்ந்துபோனால்?

முதன்மைச் சாவி என்பது அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் உரிய தனி எண் என்று போன வாரமே சொல்லியாயிற்று. அந்த எண்ணை டேட்டாபேஸே ஒவ்வொன்றாகக் கூட்டிக் கொடுத்துக்கொண்டே போவதுதான் ஆட்டோ இன்கிரிமென்ட். இரண்டு சர்வர்கள் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். ஆனால் இப்படியே ஏறிக்கொண்டு போகும் வண்டி நம்பர் பிளேட்டை விட்டு மனம் நகர மறுக்கிறது.

மலாக்காவின் ரெம்பியா கடை வரிசையில் நிற்கும் வண்டிகளைப் பாருங்கள். எண் எம் என்று தொடங்கினால் மலாக்காவில் பதிந்தது, ஜே என்றால் ஜொகூர், பி என்றால் சிலாங்கூர். எழுத்துக்குப் பின் 1 முதல் 9999 வரை ஓடும். முடிந்ததும் அடுத்த எழுத்துக்குத் தாவும். ஒன்று, சுழியம் போலத் தெரிவதால் ஐயும் ஓவும் கிடையாது. இசட் இராணுவத்துக்கு. மிச்சம் 23 எழுத்து. மாநில எழுத்தோடு இன்னும் இரண்டு எழுத்து சேர்ந்தால் 529 தொடர். பெருக்கிப் பார்த்தால் 5,289,471 வண்டிகள்!

டபிள்யூவில் தொடங்கும் கோலாலம்பூர் அதையும் தின்று தீர்த்துவிட்டது. டபிள்யூ ஒய் ஒய் 9999-க்கு மேல் போக இடமில்லை. ஓர் எழுத்தைக் கடைசிக்குக் கொண்டுபோய் டபிள்யூ 1 ஏ என்று புதிதாகத் தொடங்கினார்கள். அதற்கு முன், 2012-இல், மூன்று டபிள்யூவோடு வந்த 1-ஆம் எண்ணை ஜொகூர் சுல்தான் 520,000 ரிங்கிட் கொடுத்து எடுத்தார். வரிசையில் தன் முறைக்கு வந்த ஓர் எண்ணுக்கு அவ்வளவு விலை!

டேட்டாபேஸிலும் எண் தீரும். மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் சாதாரண இன்ட் வகைச் சாவி 2,147,483,647-இல் நின்றுவிடும். அதன் பிறகு புதிய வரியைச் சேர்க்கப் போனால் அதே கடைசி எண்ணையே மறுபடி கொடுக்கும். ஏற்கெனவே இருக்கும் எண் என்று அதுவே தள்ளியும் விடும். பழைய வரிகளைப் படிக்கலாம்; புதிய வரி ஒன்றும் ஏறாது. அப்போது இன்னும் பெரிய எண்களைத் தாங்கும் பிக்இன்ட் வகைக்கு மாற்றுவது பெரும்பாடு. அந்த எண்ணைச் சுட்டும் மற்ற அட்டவணைகளையும் சேர்த்தல்லவா மாற்ற வேண்டும்! வரிக்கு நான்கு பைட்தான் கூடுதல். வளரப்போகும் அட்டவணைக்கு முதல் நாளே பிக்இன்ட் வையுங்கள்.

சரி, வண்டி எண்தான் ஏற்கெனவே இருக்கிறதே, வண்டிப் பட்டறைக்காரர் ஒருவர் அதையே சாவியாக வைத்துக்கொண்டால் என்ன? வைக்கவே கூடாது. மலேசியாவில் பழைய காரின் எண்ணை, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் முறைப்படி மனுச் செய்து, புதுக் காருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆசைப்பட்டு எடுத்த எண்ணை யார் விடுவார்? நேற்று வாங்கிய கார் பட்டறைக்கு வரும். கணினியோ பழைய காரின் பத்து வருடத்து எண்ணெய் மாற்றிய கணக்கையும், கியர்பாக்ஸ் பிரித்த கதையையும் அதன் தலையில் கட்டும். எண் ஒன்று, வண்டி இரண்டு. பிளேட் எண் ஒரு பத்தியில் இருக்கட்டும், தேட உதவும். சாவியாக, எந்த அர்த்தமும் ஏற்றாத, யாரும் ஆசைப்படாத வெறும் தொடர் எண்ணே போதும்.

அந்தத் தொடரிலும் 104-க்கு அடுத்து 106 வரலாம். பாதியில் ரத்தான பதிவு 105-ஐ எடுத்துக்கொண்டு போயிருக்கும். யாரும் எதையும் திருடவில்லை. அதனால்தான் ரசீது எண்ணுக்கு இதை நம்பக் கூடாது என்கிறேன். அதையும் இரண்டு சர்வர் சங்கதியையும் அடுத்த வாரம் ஒன்றாகப் பார்ப்போம்.