காவல் நாய்க்கு ஒவ்வாத உணவும் வீட்டிலே சுடும் பிஸ்கற்றும்

மீளக்குடியேறிய கிராமமொன்றுக்கு நாம் சென்றிருந்தபோது, கச்சான் தோட்டத்து வேலியோரம் கடுவன் நாயொன்று படுத்திருந்தது. வயிற்றிலும் கமக்கட்டிலும் மயிர் உதிர்ந்து, தோல் கறுத்துத் தடித்துப் போயிருந்தது. இரவிரவாகச் சொறிந்துகொண்டே கிடப்பதால், பன்றி வந்தாலும் அது எழும்புவதில்லையாம். "பாதர், இந்தக் கோதாரியைக் கொண்டுபோய் எங்கையாவது விட்டிட்டு வாறதுதான் வழி" என்றார் தோட்டக்காரர். அவர் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே, அவருடைய சின்ன மகள் பால் தேத்தண்ணீரில் தோய்த்த பாண் துண்டொன்றை அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பாண் துண்டே இக்கட்டுரை எழுதப்படுவதற்குக் காரணம்.

வேலி சரியாக அடைக்கப்படாத புதுக் காணியில், ஒரு நாய் எத்தனை பேருக்குச் சமம் என்பதை நாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மாத உழைப்பைப் பன்றிக் கூட்டம் ஒரே இரவில் கிளறிப் போட்டுவிடும். திருமறையில் தோபித்து நூலை வாசிப்போர், நினிவேக்கு நாடுகடத்தப்பட்ட அந்தக் குடும்பத்திலும் ஒரு நாய் இருந்ததைக் கண்டிருப்பர். மகன் தோபியா பயணம் புறப்பட்டபோது அதுவும் கூடவே போனது. இடம்பெயர்ந்த வீட்டுக்கு நாய் என்பது இன்று நேற்று வந்த உறவல்ல.

சொறி எல்லாம் உணவினால் வருவதன்று. முதலில் பார்க்க வேண்டியவை உண்ணி, தெள்ளு, கண்ணுக்குத் தெரியாத சொறிப் பூச்சி ஆகியன. இவற்றுக்குக் கால்நடை வைத்தியரிடம் மருந்து உண்டு. விசர்நாய்க்கடித் தடுப்பூசியையும் அதே பயணத்தில் போட்டுவிடலாம். உழவு இயந்திரத்தின் கழிவு ஒயிலைப் பூசும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நாய் அதை நக்கி விழுங்கும், தோலும் வெந்துபோகும்.

பூச்சிக்கு மருந்து செய்த பின்னும் மழை, வெயில் என்ற பேதமின்றி ஆண்டு முழுவதும் பாதத்தை நக்குவதும், காதையும் வயிற்றையும் சொறிவதும், அடிக்கடி இளகிப் போவதுமாக இருந்தால் உணவு ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம். ஏதோ ஓர் உணவிலுள்ள புரதத்தை உடல் எதிரியென எண்ணிப் போராடுவதே ஒவ்வாமையாகும். இது புதிதாகத் தின்ற உணவினால்தான் வர வேண்டும் என்றில்லை. நெடுங்காலம் தின்று பழகிய உணவே பெரும்பாலும் குற்றவாளியாக இருக்கும். நாய்களில் அதிகமாகக் காணப்படுபவை மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை என்பவற்றுக்கான ஒவ்வாமைகளே. எமது நாய்கள் தின்று வளர்ந்ததைச் சற்று எண்ணிப் பாருங்கள். முகாமிலும், 2009 இற்குப் பின்னர் மீளக்குடியேறிய நாட்களிலும் நிவாரணப் பொதியில் வந்தது கோதுமை மா. நாம் தின்ற றொட்டியில் மிஞ்சியதுதான் நாய்க்கும். அப்பழக்கம் இன்னும் பல வீடுகளில் போகவில்லை. பாலைப் பொறுத்தவரை வேறொரு தொல்லையும் உண்டு. வளர்ந்த நாய்கள் பலவற்றின் குடலில் பாற்சர்க்கரையைச் செரிக்கும் நொதியம் குறைந்துவிடுவதால், ஒவ்வாமை இல்லாவிட்டாலும் வயிற்றோட்டம் ஏற்படும்.

எந்த உணவு என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான் நம்பத்தக்கது. நாய் இதுவரை தின்றிராத ஒரு புரதத்தையும் ஒரு கிழங்கையும் மட்டும் அவித்து, 8 வாரங்களுக்கு உப்பின்றிக் கொடுத்தல் வேண்டும். வன்னியின் உட்பகுதியில் கோழி எலும்பும் றொட்டியும் தின்று வளர்ந்த நாய்க்குக் குளத்துத் திலாப்பியாவும் வத்தாளங்கிழங்கும் பொருந்தும். 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன் இன்று எந்தக் குளத்திலும் மலிவு. கரையோரத்து நாய் மீன் தின்று வளர்ந்ததாகையால், அதற்குக் கொழுப்பு நீக்கி நன்றாக அவித்த பன்றியிறைச்சியைக் கொடுக்கலாம். நாளுக்கு அரைக் கிலோ கிழங்கு வேண்டியிருக்கும். ஆகவே கிழங்கு கிண்டும் காலத்தில் தொடங்குவதே புத்தி. குட்டிகளுக்கும் சினைப்பட்ட பெட்டைகளுக்கும் இச்சோதனை ஆகாது.

இந்த 8 வாரம் பெரும்பாலும் எங்கே முறிகிறது தெரியுமா? பெரியவர்கள் கவனமாகத்தான் இருப்பார்கள். சிறுபிள்ளை இரக்கப்பட்டு நீட்டும் பாண் துண்டிலேதான் முறிகிறது. ஒரு துண்டு போதும், சொறி திரும்பிவிடும். பிறகு கிழங்கினால் பயனில்லை என்று வீட்டார் கைவிட்டுவிடுவர். பிள்ளையை ஏசிப் பயனில்லை. அதன் கையில் கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும். அதற்காகவே, சோதனை உணவிலுள்ள அதே இரண்டு பொருட்களால் பிஸ்கற் சுடச் சொல்கிறோம்.

வத்தாளங்கிழங்கைத் தோல் சீவி மெல்லியதாக அரிந்து, ஒடியல் காயவைப்பது போல வெயிலில் நன்றாகக் காயவைத்து, இடித்து அரித்துக்கொள்ளவும். இந்த மாவில் 2 கோப்பை, அவித்து மசித்த கிழங்கு 1 கோப்பை, அவித்து முள் நீக்கிய மீன் தசை 1 கோப்பை. முள்ளை விரலால் தடவித் தடவி எடுங்கள். இதில் அவசரம் கூடாது. எல்லாவற்றையும் குழைத்து, ஒட்டினால் இன்னுங் கொஞ்சம் மா சேர்த்து, கால் அங்குலத் தடிப்பில் தட்டி, அரைத் தீப்பெட்டி அளவில் வெட்டவும். கோதுமை இல்லாததால் இது இழுபடாது, உதிரப் பார்க்கும். அவித்த கிழங்குதான் பிடித்து வைத்திருக்கிறது. தட்டில் வாழையிலை போட்டு அடுக்குங்கள்.

பக்கத்தில் பேக்கரி இருந்தால், பாண் இறக்கிய பின் ஆறிக்கொண்டிருக்கும் போறணையில் வைக்கக் கேட்கலாம். இல்லாவிட்டால் இரும்புத் தாச்சியில் இரண்டு விரற்கடை மணல் பரப்பிச் சூடாக்கி, அதன்மேல் தட்டை வைத்து, தகரத்தால் மூடி மேலே தணல் போடவும். மிதமான சூட்டில் ஏறக்குறைய 40 நிமிடம். பிறகு தணலை எடுத்துவிட்டு, ஆறும் வரை உள்ளேயே விட்டால் மொறுமொறுவென்று காயும். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த பிஸ்கற்றையோ கச்சானையோ நாய்க்குப் போடவே கூடாது. அந்த நஞ்சு ஈரலைத் தாக்கும். ஒரு கிழமைக்கு வேண்டிய அளவே சுடுங்கள். நடுத்தர நாய்க்கு நாளுக்கு நாலைந்து துண்டு போதும்.

உப்பேறிய கருவாடு இதற்கு உதவாது. வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு நஞ்சு. வாசத்துக்கென்றும் சேர்க்க வேண்டாம். மரவள்ளி மாவைப் போடலாமா என்று ஓர் அம்மா கேட்டார். தோல் நீக்கித் திறந்த பாத்திரத்தில் நன்றாக அவித்த மரவள்ளி சரி. பச்சையாக இடித்த மா வேண்டாம். ஒடியல் மா கூழுக்கே இருக்கட்டும்.

8 வாரத்தில் சொறி தணிந்தால், பழைய உணவுகளை ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றையும் இரண்டு வாரம் கொடுத்துப் பாருங்கள். சொறி திரும்பினால் அதுதான் எதிரி. மற்றவற்றைத் தாராளமாகக் கொடுக்கலாம். கொடுக்கவும் வேண்டும், ஏனெனில் மீனும் கிழங்கும் மட்டும் ஒரு நாய்க்குக் காலமெல்லாம் போதாது.

நாம் கண்ட அந்தக் கடுவனுக்குப் பாலும் கோழியும் ஒன்றும் செய்யவில்லை. கோதுமை றொட்டி கொடுத்த நாலாம் நாள் பாதத்தை நக்கத் தொடங்கியது. இப்போது அதற்குச் சோறும் மீனும்தான். பிஸ்கற் ரின் சின்ன மகளின் பொறுப்பில், எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டின் நடுவில் இருக்கிறது. எண்ணித்தான் கொடுக்கிறாளாம்.