சோளம் தின்ன இமயம் தாண்டி வரும் விருந்தாளிகள்!

ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் சோளக்கதிர் பால் பிடித்துவிட்டால் விவசாயிக்குத் தூக்கம் போய்விடும். பரண் கட்டுவார். தகர டப்பாவைத் தட்டுவார். கவண் கல் வீசுவார். ஒரு குருவிகூடக் கதிரில் உட்காரக் கூடாது!

அதே சோளத்தை மூட்டை மூட்டையாக விலைக்கு வாங்கி, பறவைகள் தின்பதற்கென்றே தரையில் இறைக்கும் ஊர் ஒன்று இருக்கிறது. ராஜஸ்தானில், தார் பாலைவனப் பகுதியில், பலோடி நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள கீச்சன் கிராமம்தான் அது.

பலோடியின் வெயில் பெயர் பெற்றது. 2016 மே 19-ந் தேதி அங்கே வெப்பம் 51 டிகிரி செல்சியஸ்! அந்த பூமிக்குத்தான் குளிர்காலம்தோறும் ஆயிரக்கணக்கான கொக்குகள் விருந்துக்கு வருகின்றன.

மூன்றடி அழகி

உள்ளூர் மக்கள் இந்தக் கொக்கை "குர்ஜா" என்கிறார்கள். உலகத்தில் உள்ள பெருங்கொக்கு இனங்களில் இதுவே சிறியது. உயரம் சுமார் மூன்றடி. சாம்பல் நிற உடம்பு, கறுத்த கழுத்து, சிவந்த கண். கண்ணுக்குப் பின்னால் வெள்ளை இறகுக் குஞ்சம் தொங்கும்.

இதன் தாய்வீடு மங்கோலியாவும் மத்திய ஆசியாவும். அங்கே குளிர் தொடங்குமுன் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி, இமயமலையைக் கடந்து, ஆகஸ்டு கடைசியிலும் செப்டம்பரிலும் வந்து இறங்கும். மார்ச் மாதம் ஊர் திரும்பும்.

புறாவுக்குப் போட்ட தானியம்

1970-களில் ரத்தன்லால் மாலு என்ற கீச்சன்வாசி தினமும் புறாக்களுக்குத் தானியம் போட்டு வந்தார். அதைக் கண்டு சில குர்ஜாக்களும் வந்தன. அவர் விரட்டவில்லை. மறு ஆண்டு கூட்டம் பெருகியது. ஜீவகாருண்யத்தில் ஊறிய ஜைனர்கள் நிறைந்த ஊர் அல்லவா? ஊரே கை கொடுத்தது. வெளியூர்களில் வாணிபம் செய்யும் கீச்சன்காரர்கள் பணம் அனுப்பினார்கள்.

நாய்கள் புகாதபடி வேலி போட்ட ஓர் இடம் உருவாயிற்று. அதற்குப் பெயர் "சுக்கா கர்". அதாவது, இரை வீடு. உச்சக் காலத்தில் அங்கே நாள்தோறும் பல நூறு கிலோ தானியம் இறைக்கப்படுகிறது. இப்போது ஒரு பருவத்தில் 20,000 கொக்குகளுக்கு மேல் வருகின்றன.

மாடியில் காத்திருங்கள்!

படம் எடுக்க விரும்புகிறவர்கள் விடியுமுன்பே போய்விட வேண்டும். பக்கத்து வீட்டு மாடிதான் நல்ல இடம். கொக்குகள் நேரே வந்து இறங்குவதில்லை. முதலில் ஊருக்கு வெளியே மணல் மேட்டில் கூடும். வானத்தில் வட்டமிட்டு நோட்டம் பார்க்கும். ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகே முதல் கூட்டம் இறங்கும். பிறகு அலை அலையாக மற்றவை வரும். அந்த ஆரவாரத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது!

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் சாம்பல் இறகும் பளிச்சென்று விழும். பறப்பதைப் பிடிக்க, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகமாவது வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமை வேண்டும். ஒரு நாய் குரைத்தால் போதும், கூட்டம் முழுவதும் எழுந்துவிடும். கைதட்டிப் பறக்கவிட்டுப் படம் எடுப்பது, சாப்பிடுகிறவனை இலையிலிருந்து எழுப்புவதற்குச் சமம்.

காலை விருந்து முடிந்ததும் கொக்குகள் ஊரை ஒட்டிய குளங்களுக்குப் போய்த் தண்ணீர் குடிக்கும். நிதானமாகப் பார்க்க அதுவே நல்ல நேரம்.

சோறு மட்டும் போதுமா?

விருந்திலும் ஆபத்து உண்டு. ஆயிரக்கணக்கில் தாழப் பறக்கும்போது மின்சாரக் கம்பியில் மோதி இறந்த கொக்குகள் பல. கூட்டம் நெருங்கினால் நோயும் எளிதில் பரவும். 2021 நவம்பரில் ஜோத்பூர் வட்டாரத்தில் கப்பர்டா கிராமத்தில் பறவைக் காய்ச்சலால் குர்ஜாக்கள் கூட்டமாக மடிந்தன.

திருக்கழுக்குன்றம் நமக்குத் தெரியும். நண்பகலில் குருக்கள் கொடுக்கும் சர்க்கரைப் பொங்கலுக்கு இரண்டு கழுகுகள் மலைக்கு வந்துகொண்டிருந்தன. 1990-களில் அவை வருவது நின்றுவிட்டது. ஊட்டக் கை இருந்தது; உண்ணப் பறவை இல்லை!

கையில் உள்ள தானியம் ஒரு பாதிதான். பத்திரமான வானமும் சுத்தமான குளமும் மறு பாதி. இரண்டாவதற்கும் இப்போது வழி பிறந்திருக்கிறது. 2025 ஜூன் மாதம் கீச்சனின் நீர்நிலைகள் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த "ராம்சார்" பட்டியலில் சேர்ந்தன.

போய்ப் பார்க்க ஏற்ற காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. போடியிலிருந்து தேனி வழியாகச் சென்னைக்கு 2023 முதல் ரயில் ஓடுகிறது. சென்னையிலிருந்து ஜோத்பூருக்கு ரயில் உண்டு. அங்கிருந்து பலோடி சுமார் 140 கிலோ மீட்டர். காமிராவோடு கம்பளியும் எடுத்துச் செல்லுங்கள். பாலைவனத்து விடியற்காலை பற்களைத் தந்தியடிக்க வைத்துவிடும்!