மீன்தொட்டியின் வரவும் செலவும்

இக்காலத்திலே பல இல்லங்களின் முன் விறாந்தையிற் கண்ணாடி மீன்தொட்டி ஒன்று காட்சி தருகின்றது. பெரும்பாலும் பிள்ளைகளின் வேண்டுதலுக்கு இணங்கியே அது வாங்கப்படுகின்றது. சில நாட்களுள் மீன்கள் ஒவ்வொன்றாய் இறந்து மிதக்கத் தொடங்கினால், கடைக்காரர் நோயுற்ற மீனைத் தந்துவிட்டார் என்று பெற்றோர் குறை கூறுவர். பிள்ளைகள் கண் கலங்குவர். தொட்டி பின்வளவுக்குப் போய்விடும். ஆயின், புதிய தொட்டியிலே இறக்கும் மீன்களிற் பல, தம் கழிவிலிருந்து பிறந்த நஞ்சினாலேயே இறக்கின்றன. எத்தனை மீன், எவ்வளவு நீர், எத்தகைய வடிகட்டி என்னும் மூன்றையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்போர் இவ்விழப்பைப் பெரிதும் தவிர்க்கலாம்.

சிக்லிட் என்னும் மீன் குடும்பத்தை வளர்ப்போர்க்கு இவ்வெண்ணம் இன்றியமையாதது. ஆபிரிக்கா, அமெரிக்காவின் வெப்பவலயம், மடகஸ்கார், தென்னிந்தியா, இலங்கை ஆகிய இடங்கள் இக்குடும்பத்தின் தாயகங்களாம். அமேசன் ஆற்றின் ஏஞ்சல் மீனும் இதனைச் சேர்ந்ததே. 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு நம் குளங்களிற் பெருகிய திலாப்பியாவும் இதனைச் சேர்ந்ததே. நம் களப்புகளுக்கே உரிய, சிங்களத்திற் கொரலியா எனப்படும் மீன்களும் இக்குடும்பத்தினவே. மலாவி ஏரியின் பாறையிடுக்குகளில் வாழும் ம்பூனா வகைத் தாய்மீன், முட்டைகளை ஏறக்குறைய மூன்று வாரம் வாயினுள்ளே காத்து, அக்காலம் பெரும்பாலும் உண்ணாதிருக்கும். இத்துணைப் பரிவுள்ள மீன்கள் இடத்திற்காகக் கடும் போர் புரிவனவுமாம்.

முதலிலே நம் நீரின் தன்மையை அறிதல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணக்கல்லினூடே ஊறி வருவதால் வன்னீராகும். மலாவி ஏரி மீன்களும் காரச் சார்புள்ள வன்னீரையே விரும்புவன. ஆதலால் அங்குள்ளோர்க்கு இவை பொருத்தமானவை. கொழும்பிலே களனி ஆற்றிலிருந்து வரும் குழாய்நீர் மென்மையானது. அஃது ஏஞ்சல் மீனுக்கு ஏற்றது. குழாய்நீரிலுள்ள குளோரீனை நீக்கிய பின்னரே தொட்டியில் ஊற்றுதல் வேண்டும்.

இனி மீன்களின் தொகையைப் பார்ப்போம். 120 சதமமீற்றர் நீளமும், 45 சதமமீற்றர் அகலமும், 45 சதமமீற்றர் உயரமும் உடைய தொட்டியின் கொள்ளளவு 243 லீற்றராகும். மணலும் கல்லும் மேல் வெளியும் போக, ஏறத்தாழ 200 லீற்றர் நீரே நிற்கும். இதிலே சிறிய ம்பூனா மீன்கள் 12 முதல் 15 வரை வளர்க்கலாம். நான்கைந்து மீன்களை மாத்திரம் விட்டால் அமைதி நிலவும் என்று எண்ணுதல் இயல்பே. ஆயின் வலிய ஆண்மீன் ஒன்று எளிய மீன் ஒன்றையே ஓயாது துரத்திக் கொன்றுவிடும். சற்றுக் கூடுதலான மீன்கள் இருப்பின் அதன் சினம் பலர்மீதும் பரந்து தணியும். ஓர் ஆணுக்கு மூன்று பெண்ணேனும் இருத்தலும், ஒளிவதற்குக் கற்குகைகள் பல அமைத்தலும் நன்று. ஒஸ்கார் போன்ற பெருமீன்களோ 30 சதமமீற்றரைக் கடந்து வளர்வன. இத்தொட்டியிலே ஒன்றுக்கு மேல் அவற்றை விடலாகாது. கடையிற் காணும் குஞ்சின் அளவை நோக்காது, அது வளர்ந்தபின் அடையும் அளவை நோக்கியே வாங்குதல் அறிவுடைமை.

சண்டையைத் தணிக்க மீனைக் கூட்டினால் கழிவும் கூடும். இங்கேதான் வடிகட்டியின் பணி தொடங்குகின்றது. மீனின் கழிவிலும் எஞ்சிய தீனியிலுமிருந்து அமோனியா உண்டாகின்றது. வடிகட்டியின் பஞ்சிலும் கற்களிலும் குடியேறும் பற்றீரியாக்கள் அதனை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முன்னைய இரண்டும் கொடிய நஞ்சுகள். இறுதியது நஞ்சு குறைந்தது. இப்பற்றீரியாக்கள் பெருகுதற்கு நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். தொட்டி அமைத்த அன்றே மீன் முழுவதையும் விடுவோர் இழப்பைச் சந்திப்பது இதனாலேயே. நன்கு நடக்கும் தொட்டி ஒன்றின் பழம் பஞ்சினை நண்பரிடம் பெற்று வடிகட்டியுள் வைத்தால் இக்காலம் குறுகும். நீரின் காரத்தன்மை கூடக் கூட அமோனியாவின் நஞ்சு வடிவமும் கூடும். பீ.எச். பெறுமானம் 7 இலிருந்து 8 ஆக உயரும்போது அந்நஞ்சு வடிவத்தின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகின்றது. ஆதலின் வன்னீர்த் தொட்டிக்கு வலிய வடிகட்டி வேண்டும். மணிக்குத் தொட்டி நீரைப் போல் எட்டு அல்லது பத்து மடங்கை இறைப்பது தகும்.

நைத்திரேற்றைச் சாதாரண வடிகட்டி பெரும்பாலும் நீக்காது. அதனை நீர் மாற்றியே குறைத்தல் வேண்டும். மாணவர்கள் இதனை ஒரு கணக்காகச் செய்து பார்க்கலாம். வாரந்தோறும் லீற்றருக்கு 20 மில்லிகிராம் நைத்திரேற்று சேர்கின்றது என்க. வாரந்தோறும் காற்பங்கு நீரை மாற்றினால், அளவு படிப்படியாக ஏறி 80 மில்லிகிராமில் நிலைகொள்ளும். ஏனெனில் 80 இன் காற்பங்காகிய 20 நீங்க, மறுபடியும் 20 சேரும். பாதி நீரை மாற்றினால் 40 இலே நின்றுவிடும். 40 ஐக் கடவாமற் காப்பதே நன்று. புது நீரிலேயே 30 மில்லிகிராம் இருப்பின், அந்த 30 உம் முழுமையாக மேலே கூடி 80 என்பது 110 ஆகும். குடாநாட்டின் தோட்ட நிலக் கிணறுகள் பலவற்றிலே, உரம் காரணமாக நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே கிணற்று நீரைப் பரிசோதித்த பின்னரே பயன்படுத்துக. அச்சோதனை மீனுக்கு மாத்திரமன்றி, வீட்டுக் கைக்குழந்தையின் நலத்துக்கும் உதவுவதாகும்.

வடிகட்டிப் பஞ்சினைக் குழாயடியிற் பிழிந்து கழுவினால் குளோரீன் பற்றீரியாக்களை அழித்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்ல அலசுதல் வேண்டும். இரண்டு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவு தீனியே போதுமானது. மின்வெட்டும் மறக்கத் தக்கதன்று. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றதை நாம் அறிவோம். நீரோட்டம் நின்றால் மூடிய வடிகட்டியுள் ஒட்சிசன் அற்றுப் பற்றீரியாக்கள் மடியும். அவ்வேளை பஞ்சினை எடுத்துத் தொட்டி நீரிலே இட்டு, மின்கலத்தால் இயங்கும் காற்றுப் பம்பியை ஓடவிட்டு, தீனியை நிறுத்துக.

இறுதியாக ஒன்று. தொட்டிக்கு அடங்காது வளர்ந்த மீனைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடுவது இரக்கமென்று சிலர் கருதுகின்றனர். தொட்டியைத் தூய்மையாக்கும் என்று விற்கப்படும் உறிஞ்சு மீன் இவ்வாறே நம் நீர்நிலைகளிற் பரவிக் கேடு விளைக்கின்றது. உலகில் வேறெங்கும் இல்லாத சிறு மீன்கள் பல நம் நாட்டு ஓடைகளில் வாழ்கின்றன. அந்நிய மீன் ஒன்றை விடுவது அவற்றின் வாழ்வைப் பறிப்பதாக முடியலாம். வேண்டாத மீனைக் கடைக்கே மீளக் கொடுங்கள், அன்றேல் பெருந்தொட்டி உடையோர்க்கு அளியுங்கள்.

குடும்ப வரவு செலவை எழுதும் கொப்பியிலே மீன்தொட்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குக. மீன்களின் தொகை, நீர் மாற்றிய நாள், சோதனையிற் கண்ட அளவு ஆகியவற்றைப் பிள்ளைகளே வாரந்தோறும் பதியட்டும். தம் கையில் ஒப்படைக்கப்பட்ட உயிர்களுக்குக் கணக்குக் காட்டும் பழக்கம் அவர்களுக்கு இவ்வழியிலேயே வந்துவிடும்.