புது வீல், பழைய சென்சார்

புது அலாய் வீல் மாட்டிக்கொண்டு கடையைவிட்டுக் கிளம்பிய கார், சில கிலோமீட்டர் போவதற்குள் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கைக் காட்டும். லாடம் போன்ற வளைவு, நடுவில் ஆச்சரியக்குறி. நான்கு டயரிலும் காற்று சரியாகத்தான் இருக்கும். அதை அளந்து சொல்ல வேண்டிய சென்சார்களோ பழைய வீலுக்குள் உட்கார்ந்து கடை மூலையில் கிடக்கும்.

பல கார்களில் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. விளக்கு ஒரு நிமிடம் போலச் சிமிட்டிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால் கோளாறு சென்சாரில். சிமிட்டாமல் எரிந்தால் காற்றுக் குறைவு.

இந்த விளக்கின் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது. அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்புளோரர் கார்களின் ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓடும்போதே உரிந்து, வண்டிகள் உருண்டன, பலர் இறந்தனர். 2000 ஆகஸ்டில் சுமார் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்த ஆண்டே சட்டம் வந்தது. 2007 செப்டம்பர் முதல் அங்கே தயாராகும் எல்லாப் புதுக் கார்களுக்கும் இந்த எச்சரிக்கை கட்டாயமானது. இந்தியாவில் 2020-இல் வந்த விதி வேறு மாதிரி: இந்த வசதியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி வேண்டாம் என்றது.

எல்லாக் காரிலும் வீலுக்குள் சென்சார் இருக்காது. சிலவற்றில் ஏபிஎஸ் அமைப்பே சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்துக் காற்றுக் குறைவை ஊகித்துக்கொள்ளும். அவற்றுக்கு ரீசெட் செய்தால் போதும். திரையில் ஒவ்வொரு டயரின் காற்றழுத்தமும் எண்ணாகத் தெரிந்தால், உள்ளே சென்சார் இருக்கிறது என்று பொருள்.

டயரைக் கழற்றினால், வால்வின் அடியில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி. வீல் சுற்றும்போது விழித்துக்கொள்ளும், வண்டி நின்றால் தூங்கிவிடும். பேட்டரியைச் சேமிக்கத்தான் இந்த ஏற்பாடு. லித்தியம் பேட்டரியைப் பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். தனியாக மாற்ற வழியில்லை. 5 முதல் 10 ஆண்டு உழைக்கும்.

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி சென்சாரின் வயது. மூன்று வருடம் ஆனதென்றால் தாராளமாகப் புது வீலுக்கு மாற்றலாம். ஏழெட்டு வருடம் ஆனதை மாற்றிப் பொருத்துவது வீண் சிக்கனம். ஆறு மாதத்தில் அது ஓய்ந்தால் டயரை மறுபடி கழற்றி, மறுபடி பேலன்சிங் செய்து, கூலியை இரண்டாம் முறை கொடுக்க வேண்டும்.

பழையதையே போட்டாலும் ரப்பர் வாஷர், நட்டு, வால்வு பின், மூடி ஆகியவை புதிதாக இருக்கட்டும். அலுமினிய வால்வில் நிக்கல் பூசாத பித்தளைப் பின்னைத் திருகினால், ஈரம் பட்டுப் பட்டு இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கழற்றும்போது வால்வே முறியும். டயரை நெம்பும் கம்பி பட்டாலும் சென்சார் உடையும். அனுபவசாலி மெக்கானிக் வால்வு இருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் கை வைப்பார்.

புதுசு வாங்குகிறவர்கள் அலைவரிசையைப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கார்களில் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 433. மாற்றி வாங்கினால் காருக்குக் காது கேட்காது. ஒவ்வொரு சென்சாருக்கும் தனி அடையாள எண் உண்டு. சில கார்கள் கொஞ்ச தூரம் ஓடியதும் தாமே கற்றுக்கொள்ளும். சிலவற்றில் ஸ்கேனர் வைத்துப் பதிய வேண்டும். பழைய எண்ணையே நகலெடுத்துக்கொள்ளும் சென்சார்களும் கிடைக்கின்றன. அவற்றைப் போட்டால் மாற்றம் நடந்ததே காருக்குத் தெரியாது.

பழைய வீலை விற்பவர்கள், கைமாற்றும் முன் உள்ளே சென்சார் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.