புதுப்பித்த வீட்டில் சுவர் வெடிப்பு: எதைக் கவனிக்க வேண்டும்?

வீட்டைப் புதுப்பித்துச் சில மாதங்களிலேயே சுவரில் வெடிப்புத் தோன்றினால் எவருக்கும் கலக்கம் உண்டாகும். ஆயினும் புதிய சாந்து உலர்கையில் சுருங்குவது இயல்பு. ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த அகலத்தில், மயிரிழைபோல் விழுந்து, மேலும் வளராதிருக்கும் கீறல்களை அடுத்த முறை வர்ணம் பூசும்போது அடைத்துவிடலாம்.

சுவரையோ புகைபோக்கியையோ அகற்றிய வீடுகளின் நிலை வேறு. இலண்டன் புறநகர்களில் 1930களில் கட்டப்பட்ட இணைவீடுகளில், முன்னறையையும் பின்னறையையும் ஒன்றாக்க நடுச்சுவரை இடிப்பது வழக்கமாகிவிட்டது. அச்சுவர் மேல்மாடியைத் தாங்கி நின்றிருக்கலாம். அதனினும் ஆபத்தானது, கீழ்த்தளத்தில் புகைபோக்கித் தூணை நீக்கிவிட்டு, மேலே எஞ்சிய செங்கற்கட்டை உரிய உருக்குத் தாங்கியின்றி விட்டுவிடுவது. அந்தச் சுமை ஒரு தொன்னைத் தாண்டக்கூடும். இத்தகைய வேலை நடந்த வீட்டில், வெடிப்பு ஒடுக்கமாயிருப்பதை மட்டும் கொண்டு ஆறுதல் அடையலாகாது.

யன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாக ஏறுவது, ஒரு முனையில் அகன்று மறுமுனையில் ஒடுங்குவது, சுவரின் இருபுறமும் ஒரே இடத்தில் தெரிவது, அருகிலுள்ள கதவு திடீரென இறுகுவது ஆகியவை அசைவின் அறிகுறிகள். இலண்டன் களிமண் கோடையில் சுருங்கி மாரியில் வீங்குவதாலும், பழைய வீடும் புதிய இணைப்பும் வெவ்வேறு ஆழத்து அத்திவாரங்களில் நிற்பதாலும் வெடிப்பு ஏற்படலாம். காரணத்தைப் பிரித்தறிவது கட்டமைப்புப் பொறியியலாளரின் பணி. வேலை செய்த ஒப்பந்தக்காரரின் சொல்லை மட்டும் நம்பியிருத்தல் போதாது.

அவர் "பூசி விடுகிறேன்" என்றாலும் உடனே இசையாதீர்கள். பூசினால் சான்று மறைந்துவிடும். வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதுங்கள். ஒரு பவுண் நாணயத்தை அருகில் வைத்துப் படமெடுங்கள். அதன் தடிப்பு 2.8 மில்லிமீற்றர், விளிம்பு உள்ளே நுழையுமாயின் பொறியியலாளரை அழையுங்கள். குறைபாடான வேலையை வீட்டுக் காப்புறுதி பொதுவாக ஏற்பதில்லை. ஆனால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டப்படி, வேலையை நியாயமான கவனத்துடனும் திறனுடனும் செய்வது ஒப்பந்தக்காரரின் கடமை. முறைப்பாட்டை எழுத்தில் அனுப்புங்கள்.

கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவு வழங்கும் நிறைவுச் சான்றிதழ் உங்களிடம் உள்ளதா? அனுமதியின்றி வேலை செய்ததால் சபையை நாட அஞ்சுவோர் நம்மிடையே பலர். 1985 நவம்பர் 11க்குப் பின் அனுமதியின்றி நடந்த வேலைகளுக்கு ஒழுங்குபடுத்தல் சான்றிதழ் கோரி விண்ணப்பிக்கலாம். தாங்கியைப் பார்வையிடச் சாந்தை உடைக்கவும், குறை இருப்பின் திருத்தவும் நேரும். செலவுதான், ஆனால் வீட்டை விற்கும் வேளையிலும் அச்சான்றிதழ் கேட்கப்படும்.

வெடிப்பு திடீரென விரிந்தாலோ, கூரைத்தட்டு தொய்ந்தாலோ, அந்த அறையை விட்டு அனைவரும் வெளியேறி உடனே சபையைத் தொலைபேசியில் அழையுங்கள். ஆங்கிலத்தில் விளக்க இயலாதாயின், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென முதலிலேயே கேளுங்கள்.